சிவப்புக் குச்சிப் பாத்திகள்

புதிதாகப் பண்ணை வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளே ஒன்று கண்ணில் படும். வரிசையாக இருக்கும் கீரைப் பாத்திகளில் சில தளதளவென்று நிற்கும். சில வெளிறிப்போய், சோறு காணாத பிள்ளை மாதிரி நிற்கும். வெளிறின பாத்தியின் தலைமாட்டில் சிவப்புச் சாயம் பூசிய குச்சி ஒன்று நட்டிருக்கும். அந்தக் குச்சியைப் பார்த்தால் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். வேறு எதையும் கொடுக்காதீர்கள். பாவம் பார்க்காதீர்கள். நான் பாவம் பார்த்ததால் என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

புதியவர்கள் முன்னால் பத்து நிமிஷம் பேச முடியுமா என்று மேனேஜர் போன மாதம் போன் பண்ணிக் கேட்டார். பதினெட்டு வருஷம் சிங்கப்பூரில் இந்தக் கிராஞ்சிப் பக்கத்துப் பண்ணையில் வேலை பார்த்தவள்தான் என்றாலும், பத்துப் பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதித் தருகிறேன், யாராவது படித்துச் சொல்லட்டும் என்றேன். என் படிப்பு தொடக்கப்பள்ளியோடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பண்ணைக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வெளிநாட்டு ஆட்கள் படிக்க வருவார்கள். நேப்பாளம், கென்யா, பிலிப்பீன்ஸ் என்று எங்கெங்கிருந்தோ. மண்ணைக் கெடுக்காமல் எப்படி விவசாயம் செய்வது என்பதுதான் படிப்பு. காலையில் எங்களோடு சேர்ந்து மண் வேலை, மதியத்துக்கு மேல் தகரக் கூரை போட்ட வகுப்பில் பாடம். அரை வருஷம் இங்கே, அடுத்த அரை வருஷம் தைவானில் ஒரு பண்ணையில். ஆரம்பத்தில் எனக்கு அவர்களைப் பார்த்தால் சிரிப்பாக வரும். மண்வெட்டியைக் கரண்டி பிடிக்கிற மாதிரி பிடிப்பார்கள் சிலர். ஒரு மாதம் போனால் சிரிப்பு போய்விடும். வெயிலில் ஐந்து மணி நேரம் குனிந்துவிட்டு, அதே சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு போய் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பார்கள் பாருங்கள், அதற்கு ஒரு மனசு வேண்டும். எனக்கெல்லாம் வேலை முடிந்தால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொக்கிவிடும். இறங்க வேண்டிய உட்லண்ட்ஸ் வந்தது தெரியாமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்களில் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். முப்பத்து நாலு, முப்பத்தைந்து வயது இருக்கும். இன்றைக்குத் தன் ஊரில் பலருக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருக்கிறாள். அவளைக் கேட்காமல் பெயர் எழுதுவது சரியில்லை. நாங்கள் எல்லாரும் புளோரஸ்காரி என்றுதான் சொல்வோம். எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் கம்போங் என்கிற மலாய்க் கிராமத்தில் பிறந்தவள் என்பதால் மலாய் நன்றாக வரும். அவள் பேசுவதும் ஏறக்குறைய அதே பாஷை. அதனால் என்னோடு ஒட்டிக்கொண்டாள். மலாய்க்காரர்கள் வயதான பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி என்னை மாக்சிக் என்பாள்.

என் வேலை நாற்று வளர்ப்பதும், தண்ணீர் ஊற்றுவதும், பூ பிரிப்பதும். லிட்டில் இந்தியா பூக்கடைகளில் விற்காமல் மிஞ்சின பூவும், டேக்கா சந்தையில் கழித்துப் போட்ட இலைதழையும் வாரம் மூன்று நாள் லாரியில் வரும். வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள் மலையாக வரும். மாலையிலிருக்கிற நூல், ஜிகினா, கம்பி எல்லாவற்றையும் கையால் பிரித்து எடுத்தால்தான் மக்க வைக்க முடியும். அலுப்புப் பிடித்த வேலை. படிக்க வந்தவர்கள் அரை மணி நேரம் செய்துவிட்டு நழுவிவிடுவார்கள். இவள் மட்டும் குந்தி உட்கார்ந்தால் குவியல் தீரும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள்.

ஒரு தடவை கோயிலிலிருந்து வந்த மாலைகளும் குவியலில் கலந்திருந்தன. நான் காலால் மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடப்பதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாள். சாமிக்குப் போட்டது என்றேன். அதற்குப் பிறகு அவளும் மிதிக்கவில்லை. தங்கள் தேவாலயத்திலும் பீடத்துப் பூவைக் குப்பையில் போடுவதில்லை என்றாள். அப்போதுதான் தன் ஊர்க் கதையைச் சொன்னாள்.

அவள் ஊர்ப் பெண்கள் தேவாலயத்துக்குப் பின்னால் பெரிய குழி வெட்டி, பூவையும் சந்தைக் கழிவையும் போட்டு உரமாக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆண்கள் கேலி பண்ணினார்களாம். அடுத்த மழைக்கு விதைக்கும்போது குழி உரத்தை நம்புவதா, பழையபடி கடையில் வாங்கும் மூட்டை உரத்துக்கே போவதா என்று தெரியவில்லை. இவளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் இவள் சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். அதற்காகத்தான் தன் பரிசோதனைக்குப் பூ உரத்தையே எடுத்துக்கொண்டாள்.

ஆறு பாத்தி. எல்லாவற்றிலும் ஒரே கீரை விதை, ஒரே அளவு தண்ணீர். மூன்றுக்கு வெள்ளைக் குச்சி நட்டுப் பூ உரம் போட்டாள். மூன்றுக்குச் சிவப்புக் குச்சி நட்டு ஒன்றும் போடவில்லை. சூப்பர்வைசர் என்னிடம் வந்து, ஆறுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் ஊற்று ஆண்ட்டி என்றார். ஏன் மூன்றுக்கு மட்டும் உரம் இல்லை என்று நான் கேட்கவில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. உரம் பற்றவில்லை போலிருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் ஆயிற்று. வெள்ளைக் குச்சிப் பாத்திகள் நிமிர ஆரம்பித்தன. சிவப்புக் குச்சிப் பாத்திகள் மஞ்சள் பூத்து நின்றன. இவள் தினமும் மதியம் அளவுகோலோடு வந்து ஒவ்வொரு செடியாக அளந்து எழுதுவாள். மாதக் கடைசியில் வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்து மார்க் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பாதிப் பாத்தி இப்படிக் கிடந்தால் இந்தப் பிள்ளையை எப்படித் தேற விடுவார்கள் என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

கறிவேப்பிலைச் செடிகளுக்கு ஊற்றுவதற்காக டிரம்மில் மீன் கரைசல் வைத்திருப்போம். மீன் கழிவைச் சர்க்கரையோடு ஊற வைத்தது. வாசனை குடலைப் பிரட்டும், ஆனால் செடி நாலே நாளில் பச்சை பிடிக்கும். அதில் ஒரு குவளை எடுத்து, பூவாளித் தண்ணீரில் கலந்து, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் சிவப்புக் குச்சிப் பாத்திகளுக்கு ஊற்றினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள். யாரிடமும் சொல்லவில்லை. உதவி செய்தால் சொல்லிக் காட்டக்கூடாது என்று நினைத்தேன்.

எங்களோடு வேலை பார்க்கும் செல்வம் மட்டும் பார்த்துவிட்டான். புதுக்கோட்டைப் பக்கம் அவன் ஊர். வாய் சும்மா இருக்காது.

“என்னக்கா, கீரைக்கு மீன் கொழம்பா? சோறு எப்பப் போடுவீங்க?”

“சும்மா இரு லா. பாவம், அந்தப் பிள்ளை பாத்தி.”

கீரை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் சிவப்புக் குச்சி எது, வெள்ளைக் குச்சி எது என்று தெரியாத மாதிரி நின்றது. ஒரு சிவப்புக் குச்சிப் பாத்தி வெள்ளையையே தாண்டிவிட்டது. எனக்கு மனசு குளிர்ந்தது. இவள் முகம் மட்டும் நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டே போனது. வெயில், படிப்புச் சுமை என்று நினைத்தேன்.

மார்க் போட வருவதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை மதியம், என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. என்னம்மா என்று கேட்டேன்.

“பூ உரம் ஒண்ணுத்துக்கும் உதவல மாக்சிக். போட்டதும் போடாததும் ஒரே மாதிரி வளர்ந்திருக்கு. ரெண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். சாயங்காலம் ஊருக்கு மெசேஜ் அனுப்பணும். குழியை மூடச் சொல்லப்போறேன்.”

ஆண்கள் கேலி பண்ணினது சரிதான் என்று ஆகிவிட்டதே என்றாள். அந்தப் பெண்களிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது என்றாள்.

என் கையில் இருந்த சோற்று உருண்டை அப்படியே நின்றுவிட்டது. அந்த மூன்று பாத்தியும் ஏன் பட்டினி கிடந்தன என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. புரிந்ததும் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கை கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு, முதல் தப்பைவிடப் பெரியது.

குழாயடியில் செல்வத்திடம் சொன்னேன். அவன் கேலியை விட்டுவிட்டான்.

“யக்கா, வாய மூடிக்கிட்டு இருங்க. அது வெள்ளிக்கிழமை முடிச்சிட்டுப் போயிடும். உங்கள வருஷா வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிச்சுத்தான் வேலைக்கு வச்சிருக்காங்க. இந்த வயசுல எங்க போய் வேலை தேடுவீங்க?”

அவன் எனக்கு நல்லதைத்தான் சொன்னான். நானும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு நாற்றுப் பக்கம் போனேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே அந்தக் குழியை நினைத்தேன். நான் பார்க்காத தீவு, பார்க்காத பெண்கள். அவர்களும் என்னை மாதிரி உட்கார்ந்து பூ பிரித்திருப்பார்கள். சாயங்காலம் ஒரு மெசேஜ் வரும். மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். எதனால் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பூவாளியை அங்கேயே வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அந்த வாசலை நான் தாண்டியதில்லை. சேற்றுக் காலோடு நின்றேன். உள்ளே பத்துப் பதினைந்து பேர். பாடம் எடுத்துக்கொண்டிருந்த சீன டீச்சர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் திரும்பினார்கள்.

“நான்தான்,” என்று மலாயில் சொன்னேன். “சிவப்புக் குச்சிக்கு மீன் தண்ணி ஊத்தினது நான்தான்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். எழுந்து வெளியே போனாள். அரைச் சுவருக்கு மேலாகத் தெரிந்தது. ஆறு பாத்தியையும் ஒரு சுற்றுச் சுற்றினாள், ஒரு இடத்தில் குனிந்து மண்ணை எடுத்து மோந்து பார்த்தாள். நான் வாசலிலேயே நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நாலு வார உழைப்பு, யாராக இருந்தாலும் திட்டத்தான் செய்வார்கள்.

திரும்பி வந்து எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நோட்டைத் திறந்தாள்.

“உட்காருங்க மாக்சிக். எந்த நாள்ல ஆரம்பிச்சீங்க? ஒரு பாத்திக்கு எத்தனை குவளை?”

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு என்பதால் சனிக்கிழமை இரண்டு தடவை ஊற்றினேன் என்றதும் வகுப்பில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. சாயங்காலம் அனுப்ப இருந்த மெசேஜை அனுப்பவில்லை.

கூடப் படித்த ஒருவர், மழையில் பாத்தி கெட்டுவிட்டது என்று சொல்லி முதல் பத்து நாள் அளவை மட்டும் காட்டிவிடு, தேறிவிடலாம் என்று சொன்னாராம். இந்த மாசம் மழையே இல்லையே என்றாளாம் இவள். பிறகு, தேறுவதற்கு அது போதும், ஊரில் சொல்வதற்குப் போதாது என்றாளாம்.

வெள்ளிக்கிழமை அந்த இரண்டு பேர் வந்தார்கள். வகுப்புச் சுவர் பாதி உயரம்தான். நான் கீரை கட்டும் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் இங்கிலீஷில் பேசினாள். செல்வம் பக்கத்தில் நின்று காதில் சொல்லிக்கொண்டே வந்தான்.

“யக்கா, இந்தச் சோதனை செத்துப்போச்சுன்னு சொல்லுது.”

“என்னைப் பத்திச் சொல்லுதா?”

“சொல்லுது. இருங்க.” அவன் கொஞ்ச நேரம் கேட்டான். குரல் மாறிவிட்டது. “தப்பு தன்னோடதுன்னு சொல்லுதுக்கா. வகுப்புல எல்லாருக்கும் படம் போட்டு விளக்குச்சாம். தினம் தண்ணி ஊத்துறவங்ககிட்ட மட்டும் சொல்லலையாம். அவங்கதான் முதல்ல தெரிஞ்சிருக்க வேண்டியவங்களாம்.”

வந்தவர்களில் ஒருவர், அந்த ஆண்ட்டி உன்னிடம் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பாய் என்று கேட்டார். பூ உரம் வீண் என்று எழுதியிருப்பேன், ஊரில் குழியை மூடியிருப்பார்கள் என்றாள்.

தோற்றுப்போனதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதற்கே எவ்வளவு தைரியம் வேண்டும். அதற்கு மேல், காரணமானவளைக் காட்டிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்க வழி இருந்தும், அவள் அந்த வழியில் போகவில்லை. சும்மா பெருந்தன்மைக்காகச் சொன்ன மாதிரியும் இல்லை. எங்கே தவறினோம் என்று தேடிப் பார்த்து, அங்கே தன் பெயரைக் கண்டுபிடித்துச் சொன்ன மாதிரி இருந்தது. நான் வேலை பார்த்த அத்தனை இடத்திலும் தண்ணீர் ஊற்றுகிறவள், தரை கூட்டுகிறவள் என்ற பேர்தான் எனக்கு. தெரிந்திருக்க வேண்டியவள் என்று என்னைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

திரும்ப விதைக்க அனுமதி கொடுத்தார்கள். கீரைக்கு நாலு வாரம் வேண்டும். தைவானுக்குப் போவதற்கு முன்னால் அவளுக்கு ஊருக்குப் போய் வர அந்த நாலு வாரம்தான் லீவு. இரண்டில் ஒன்றுதான் என்றார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் விதைக்கிறேன் என்றுவிட்டாள். அந்த லீவில்தான் அவள் மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை, அதாவது முதன்முதலாகத் திருவிருந்து அப்பம், கொடுக்கிற நாள் வருகிறது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் என்னைப் பாத்தியோரம் கூட்டிப் போய் உட்கார வைத்தாள்.

“இந்த மூணும் பசியோட இருந்தாத்தான், அந்த மூணும் வளர்ந்தது உரத்தாலயா மண்ணாலயான்னு தெரியும் மாக்சிக்.”

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் கேட்டிருந்தாலும் ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

ஆனால் தெரிந்துகொண்டு செய்வதும் சுலபமில்லை. தினமும் பூவாளியோடு அந்த மூன்று பாத்திக்கு முன்னால் நிற்பேன். மஞ்சள் பூத்து, தலை சாய்ந்து கிடக்கும். டிரம் பத்து அடி தூரத்தில் இருக்கும். செல்வம், “இன்னிக்கும் விரதம்தானாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போவான். பதினாறாம் நாள் ஒரு சிவப்புக் குச்சிப் பாத்தியில் மட்டும் பச்சைப் புழு விழுந்தது. கை தானாகப் போனது. பிடித்து நிறுத்திக்கொண்டு அவளைத் தேடிப் போனேன்.

“புழு எடுக்கலாமா?”

அவள் யோசித்தாள். எடுத்தால் ஆறு பாத்தியிலும் ஒரே நேரம் தேட வேண்டும், புழு இல்லாத பாத்தியிலும் அதே கால் மணி நேரம் உட்கார வேண்டும் என்றாள். அப்படியே செய்தோம். இல்லாத புழுவைக் கால் மணி நேரம் தேடினேன் என்று வீட்டில் சொன்னபோது என் மகன் நம்பவில்லை. இந்த ஆட்களின் படிப்பு என்னவென்று எனக்கு விளங்கியது அந்தக் கால் மணி நேரத்தில்தான்.

அவள் மகளுக்கு நன்மை கொடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. இருந்தாலும் பண்ணைக்குப் போனேன். பூ பிரிக்கிற கொட்டகையில் இரண்டு பேரும் உட்கார்ந்து போனில் பார்த்தோம். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. சரியாக அவள் மகளின் முறை வரும்போது நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது பிள்ளை தன் இடத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கை மேல் கை வைத்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு எழுந்து போய் அன்றைய அளவை எடுத்தாள்.

அதற்குப் பிறகு நானும் அவளும் பூ உரத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. வெள்ளைக் குச்சிப் பாத்திகள் நன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் கண்ணுக்குத் தெரிவதை நம்பாதீர்கள், தராசு சொல்லட்டும் என்று சொல்லியிருந்தாள். நிஜமாகவே பூ உரத்தில் சத்தில்லை என்று வந்துவிட்டால் அவள் விட்டுக்கொடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் என்ன பதில் சொல்வது என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

அறுக்கிற நாளில் ஒவ்வொரு பாத்தியாகப் பிடுங்கி, வேர் மண்ணைத் தட்டி, கட்டிக் கொண்டுவந்தோம். சீன டீச்சர் தராசுக்குப் பக்கத்தில் நின்றார். முதலில் வெள்ளைக் குச்சிக் கீரையை வைத்தார்கள், அவள் எழுதினாள். பிறகு சிவப்புக் குச்சிக் கீரையை என்னையே எடுத்து வைக்கச் சொன்னாள். எனக்கு அந்த முள்ளைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தராசில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். வெள்ளைக்கு வந்த எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து முள் நின்றுவிட்டது என்று டீச்சர் சொன்னார். அவள் எழுதினாள். மூன்று தடவையும் ஏறக்குறைய அப்படியே வந்தது. கடைசி எண்ணை எழுதிவிட்டு, பேனாவை மூடிவிட்டு, அங்கேயே நின்று ஊருக்குப் போன் போட்டாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். பாத்திக்கு என்ன பெயர், எதற்குக் குச்சி, ஏன் இதற்கு இல்லை என்று படிக்க வந்தவர்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். அவர்கள் அங்கேயிருந்து கொண்டுபோவது நாம் ஊற்றுகிற தண்ணீரையும் சேர்த்துத்தான். தப்புப் பண்ணிவிட்டால் கை கழுவப் போகாமல் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

அன்று தராசுக்குப் பக்கத்தில் அவள் இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். நான் தராசிலிருந்த சிவப்புக் குச்சிக் கீரைக் கட்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்தேன். மஞ்சளாக, நரம்பு தெரிய, ஒரு பிடிக்குள் அடங்கிவிட்டது. கீரை இப்படி மெலிந்து போனதைப் பார்த்து என் வாழ்நாளில் நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.